ஆணி மடித்த காகிதம்

ஒயர்மேன் எந்த சுவிட்சையும் காதருகே பிடித்து நாலு தட்டுத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். தர்பூசணி வாங்குகிறவர்கள் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும்.

"ஏன்யா, பாட்டா பாடப்போகுது?" என்று கேட்பேன்.

"பாடாது அண்ணே. நல்ல சுவிட்ச் ஒரே வார்த்தை பேசும். கெட்டது முனகும். வீட்லயும் அப்படித்தான்" என்பார், மாடிப்படியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு.

அவர் குடியிருந்தது என் கடைக்கு மேல்மாடியில். கீழே ஒயர், குழாய், ஆணி, பூட்டு என்று என் பிழைப்பு. நடுவில் ஒரு மரப்படிக்கட்டுதான். மேலே வெங்காயம் வதங்கினால் கீழே எனக்குக் கண் கலங்கும். அதனால் அந்த வீட்டுப் பேச்சை நான் ஒட்டுக்கேட்டதாக யாரும் சொல்ல முடியாது. அதுவாகவே கல்லாவில் வந்து விழுந்தது.

வீட்டில் மூன்று பேர். ஒயர்மேன், அவர் மனைவி, மனைவியின் தம்பி. தம்பிக்கு முப்பத்தைந்து வயது. சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு டெஸ்டர் செருகியிருப்பான், ஆகவே ஊருக்கு அவன் பெயரும் டெஸ்டர். அதுவரை பதினோரு வேலைக்குப் போய்ப் பதினொன்றிலும் நிற்காதவன். "அவன் வேலைய விட்டானா, வேலை அவன விட்டுச்சான்னு கேக்காதீங்கண்ணே. பிரிஞ்சதுல ரெண்டு பேருக்குமே சந்தோஷம்" என்பாள் அக்காக்காரி.

பன்னிரண்டாவது வேலைதான் ஒட்டியது. கல்லூரி வளாகத்தில் புதிதாக எழும்பிய நாலு மாடிக் கட்டடத்துக்குக் காவல் பார்க்கிற வேலை. வாசலில் நிற்கிற காவல் இல்லை. கட்டடத்தின் கரண்டைப் பார்த்துக்கொள்கிற காவல். வாங்கிக் கொடுத்தவர் ஒயர்மேன். அந்தக் கட்டடம் முழுவதற்கும் ஒயரிங் அவர்தான். அவர் மனைவியும் அங்கேயே கீழ்த்தளத்தைக் கூட்டித் துடைக்கிற வேலையில் இருந்தாள். ஒரே கட்டடம் மூன்று பேருக்கும் சோறு போட்டது.

அது சாதாரணக் கட்டடம் இல்லை. தான் தின்பதைத் தானே சம்பாதிக்கும் கட்டடம். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பிள்ளை பிறந்ததில்லை. மொட்டைமாடி முழுக்க சோலார் பலகைகள். பகலில் மிஞ்சியதை ஊர் லைனுக்குக் கொடுக்கும், ராத்திரியில் ஊர் லைனிலிருந்து வாங்கிக்கொள்ளும். ஒரு வருஷம் முழுக்கப் பார்த்தால் வாங்கியதைவிடக் கொடுத்தது குறையக்கூடாது. குறையாவிட்டால் ஒரு சான்றிதழ். இன்னொரு விசேஷமும் உண்டு. பலகையிலிருந்து வரும் கரண்ட் டி.சி. மற்ற இடங்களில் அதை ஏ.சி.யாக மாற்றி, அப்புறம் விளக்கும் கம்ப்யூட்டரும் அதை மறுபடி டி.சி.யாக மாற்றித் தின்னும். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் சேதாரம், தரகன் கமிஷன் எடுப்பதுபோல. இங்கே தரகனே கிடையாது. மாடியில் விளைந்தது அப்படியே டி.சி.யாக விளக்குக்கும் மின்விசிறிக்கும் ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டிக்கும் போனது. வியாபாரியாக எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது.

அந்தக் கட்டடத்துக்கு வேண்டிய பிரேக்கர்கள் நாற்பத்திரண்டும் என் கடை மூலமாகத்தான் போயின. பிரேக்கர் என்றால், கோளாறு வந்தால் தானாக விழுந்து கரண்டை அறுக்கும் சுவிட்ச். கையால் தள்ளியும் அணைக்கலாம். ஒவ்வொன்றும் தனித்தனி அட்டைப்பெட்டியில் வந்தது. பெட்டிக்குள் கால் பங்கு பொருள், முக்கால் பங்கு காற்று. காற்றுக்கு வண்டி வாடகை கொடுக்க எங்கள் பரம்பரையில் ஆளில்லை. எல்லாப் பெட்டியையும் உடைத்து, பொருளை மட்டும் ஒரே சாக்கில் கட்டி ஒயர்மேனிடம் அனுப்பினேன். ஒவ்வொரு பெட்டியிலும் மடித்து வைத்த ஒரு காகிதம் இருந்தது. வழவழப்பான, கனத்த காகிதம். ஆணி மடிக்க உதவும் என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒயர்மேன் மூன்று மாதம் வேலை செய்தார். அவர் போர்டு பெட்டியைத் திறந்து பார்த்தால் வாரிப் பின்னிய சடை மாதிரி இருக்கும். கட்டட வேலைக்குப் பொறுப்பாக இருந்த இன்ஜினியரம்மா அதைப் போட்டோ எடுத்துத் தன் அறையில் மாட்டினாள். 'மேல வாய், கீழ வயிறு' என்பது அவர் தொழிலில் சொல்லாமலே எல்லோரும் அறிந்த சட்டம். கரண்ட் மேலே நுழையும், கீழே இறங்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் கை அப்படித்தான் பூட்டும். யாராவது கீழிருந்து ஏற்றிக் கட்டியிருந்தால், "இவன் காலால சாப்பிடறவன்" என்று சிரிப்பார்.

பதினோரு மாதம் ஓடியது. டெஸ்டர் சாயங்காலம் வந்து படியேறும்போதே ஆரம்பித்துவிடுவான்.

"அக்கா, இன்னிக்கு நம்ம கட்டடம் செம சம்பாத்தியம்! வெயில் பாத்தியா, சும்மா கொட்டுது!"

"கொட்டட்டும். உன் கட்டடம் சம்பாதிக்குது, நீ எப்பதான் சம்பாதிக்கப் போற? கை கழுவிட்டு உக்காரு."

அவனுடைய சீருடைச் சட்டையை மாட்டத்தான் அவள் ஒரு கைப்பிடி ஆணி வாங்கினாள். கடுங்கோடை, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். நான் எடைபோட்டு மடித்துக் கொடுத்தேன். மேலே சுத்தியல் இரண்டு அடி அடித்தது. மூன்றாவது அடி வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒயர்மேன் இறங்கி வந்தார். ஒரு கன்னத்தில் சவரநுரை அப்படியே இருந்தது. கையில் அந்தக் காகிதம், சுருக்கமெல்லாம் நீவி விட்டபடி.

"அண்ணே, இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"ஆணி மடிச்சது. ஏன்யா, ஆணி குறையுதா?"

"படத்தப் பாருங்க."

பார்த்தேன். பிரேக்கரின் படம். கூட்டல் குறி கீழே இருந்தது. ஓர் அம்பு கீழிருந்து மேலே ஏறியது. பக்கத்தில் தலைகீழாக இன்னொரு படம், அதன்மேல் பெரிய பெருக்கல் குறியும் ஒரு தீச்சுடரும்.

"நான் நாப்பத்திரண்டையும் மேலேர்ந்து பூட்டியிருக்கேன்" என்றார்.

"ஒரு வருஷமா நல்லாத்தானே எரியுது?"

"எரியும். அணைக்கறதுலதான் விஷயம்." அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஏ.சி. கரண்ட் செகண்டுக்கு நூறு தடவை செத்துச் செத்துப் பொழைக்கும். சுவிட்ச எடுத்தா ஒரு பொறி வரும்ல? கரண்ட் சாகறப்ப அந்தப் பொறியும் சேந்து செத்துடும். டி.சி. சாகாது. பொறி பாகு மாதிரி இழுபட்டுக்கிட்டே நிக்கும். அதுக்குத்தான் இதுக்குள்ள ஒரு காந்தம் வச்சிருக்கான். பொறிய ஒரு சின்ன அறைக்குள்ள தள்ளி, துண்டுதுண்டா நறுக்கிடும். கரண்ட் தலைகீழா போச்சுன்னா அதே காந்தம் பொறிய உள்பக்கமா இழுக்கும். கை இருக்கற பக்கமா."

"வேலை முடிஞ்சதும் அணைச்சுப் பாக்கலையா?"

"பாத்தோம். சாயங்காலம், இருட்டற நேரம். ஃபேன்கூட மாட்டல. பாரமே இல்லாதப்ப எந்த பிரேக்கரும் உத்தமன்தான்."

டீ வரவழைத்தேன். அவர் குடிக்கவில்லை. படிக்கட்டின் பாதியில் அவர் மனைவி நின்றிருந்தாள், சுத்தியலோடு.

"அண்ணே, இந்தக் காகிதம் அந்த மூட்டைல வரலையே?" என்றாள். குரல் உயரவில்லை.

"கம்பெனிக்காரன் ஆயிரம் காகிதம் போடுவான் தங்கச்சி. எது எங்க போச்சுன்னு யார் கண்டா?" என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காத ஆணியை எடைபோட ஆரம்பித்தேன்.

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் ஏறிப் போனாள். மேஜையில் கிடந்த காகிதத்தை நான் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் மேலே தட்டுகளின் சத்தமே கேட்டது, பேச்சு வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. டெஸ்டர் வீட்டில் இல்லை. ஞாயிறும் கட்டடம் சம்பாதிக்குமே.

"பன்னெண்டு நாள் இருக்கு" என்றார் ஒயர்மேன். "சான்றிதழ் கொடுக்கறவங்க வராங்க. நடு மத்தியானம் கீழ்த்தளத்த அணைச்சுக் காட்டணுமாம்."

"யாரு அணைக்கணும்?"

தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"யாருன்னு கேட்டேன்."

"காவலுக்கு இருக்கறவன்தான்."

சோற்றுப் பாத்திரத்தின் மூடி விழுந்து உருண்டது.

மறுநாள் அவர் இன்ஜினியரம்மாவைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து என் கடையில்தான் உட்கார்ந்தார், மாடிக்குப் போகப் பயந்தவர்போல.

"சொன்னேன் அண்ணே. உள்ளபடி சொன்னேன். 'ஒரு நாள் ராத்திரி கொடுங்கம்மா, ஊர் லைன நிறுத்திட்டு எல்லாத்தையும் மாத்திப் பூட்டிடறேன்'னேன். 'ஒரு நிமிஷம் நின்னாலும் கம்ப்யூட்டர்ல விழும். ஏன் நின்னுச்சுன்னு எழுதிக் கேப்பாங்க. என்னன்னு எழுதறது?'ங்கறாங்க."

"நடந்தத எழுத வேண்டியதுதானே?"

"முழுப் பாரத்துல சோதிச்சாச்சுன்னு அவங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க. எனக்கு லைசென்ஸ் போகும், அவங்களுக்கு வேலை போகும், நம்ம டெஸ்டர் மாப்ளைக்கும் போகும். அவங்க கெட்டவங்க இல்லண்ணே. தண்ணி குடிக்கறப்ப டம்ளர் பல்லுல இடிக்குது." மாடிக்குக் கேட்காதபடி குரலை இறக்கினார். "ஒரு வழி சொன்னாங்க. அணைக்கறதுக்கு முன்னாடி கீழ்த்தளத்துல லைட்டு, ஃபேனு எல்லாத்தையும் அதது சுவிட்ச்ல நிறுத்திட்டா பாரம் இருக்காது. பாரம் இல்லன்னா பொறி இல்ல. அவங்க போனதும் அடுத்த நாளே மாத்திக்கலாம்."

"யாரு நிறுத்தறது?"

அவர் மாடியைப் பார்த்தார்.

பன்னிரண்டு நாளும் வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. மழைக்காலத்தில் மேகத்தைத் திட்டித் தீர்த்த கட்டடம் அது. அப்போது விழுந்த பள்ளத்தை இப்போதுதான் நிரப்பிக்கொண்டிருந்தது. டெஸ்டர் தினமும் குதித்துக்கொண்டு வந்தான். "இன்னும் மூணு நாள் இப்படி அடிச்சா போதும் மாமா, தாண்டிடுவோம்!" ஒயர்மேன் தலையாட்டுவார். அவர் மனைவி காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கடை வாசலில் நின்று நெற்றியில் கை வைத்து வானத்தைப் பார்ப்பாள். வெயில் அவளுக்கு விரோதி ஆகிவிட்டது. துணி காயப்போடக்கூட மொட்டைமாடிக்குப் போகவில்லை.

"அவன்கிட்ட சொல்லிடலாங்க" என்றாள் ஒரு நாள். "என் தம்பி கை அது."

"சொன்னா அவன் மூஞ்சிலயே எழுதி ஒட்டியிருக்கும். வந்தவன் படிச்சிட்டுப் போவான். பன்னெண்டு வருஷத்துல இந்த ஒரு வேலைலதான் அவன் தலைநிமிந்து நடக்கறான். நீ எல்லாத்தையும் நிறுத்திட்டுக் கைய மட்டும் தூக்கிக் காட்டு. ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னா நீங்க ஏன் மூணு நாளா சரியா சாப்பிடல?"

என் விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெட்டியை உடைத்தவன் நான், குறிப்பை எடுத்தவன் நான் என்று எழுதிக் கொடுத்திருந்தால் பழியில் பாதி என் தலைக்கு வந்திருக்கும். மீதிப் பாதியோடு அவர் நிமிர்ந்து நின்று பேசியிருப்பார். கொள்முதலில் ஏமாந்ததையே வெளியில் சொல்லாத வம்சம் எங்களுடையது. பையில் காகிதம் இருந்தது. வாய் திறக்கவில்லை.

அந்த நாளும் வந்தது. சாமான் கொடுத்தவன் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். கீழ்த்தளத்தில் நீளமான நடைகூடம். இரண்டு பக்கமும் வகுப்பறைகள், கடைசியில் சுவரில் போர்டு பெட்டி. தரை ஈரமாக மினுங்கியது. டெஸ்டர் இஸ்திரி போட்ட சீருடையில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான், பையில் டெஸ்டர் பளபளக்க. வந்தவர்கள் ஐந்து பேர். பெரியவர் நல்ல மனிதர். எல்லோரிடமும் சிரித்தார், எனக்குக்கூடக் கை கொடுத்தார்.

மணி பன்னிரண்டரை. ஒயர்மேனின் மனைவி நடைகூடத்தின் மறுகோடியில் வந்து நின்று கையைத் தூக்கிக் காட்டினாள். எல்லாம் நிறுத்தியாயிற்று. காற்றே இல்லை, அவ்வளவு பேரும் வேர்த்து நின்றோம். பக்கத்தில் நின்ற ஒயர்மேன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பெரியவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "என்னம்மா இது, ஃபேனெல்லாம் நிறுத்தி வச்சிருக்கீங்க?"

"அணைக்கப் போறோமேன்னு..." என்றாள் இன்ஜினியரம்மா.

"தூங்கறவனத் தூங்க வச்சுக் காட்டறதுல என்ன இருக்கு?" என்று அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். "எல்லாத்தையும் போடுங்க. முழுப் பாரத்துல அணைங்க, பாக்கலாம். ஏம்மா, நீங்கதானே, கொஞ்சம் போட்டு விடுங்க."

அவளைத்தான் சொன்னார். அவள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் இன்ஜினியரம்மாவைப் பார்த்தார். இன்ஜினியரம்மா தரை ஓடுகளை எண்ணுகிறவள் மாதிரி நின்றாள்.

அவள் முதல் அறைக்குள் போனாள். ஆறு விசிறிகள் மெல்லச் சுழல ஆரம்பித்தன. வெளியே வந்து எங்களைப் பார்த்தாள். அடுத்த அறை. அதற்கடுத்த அறை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கணம் நின்றாள், யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டார்களா என்பதுபோல. விளக்குகள் வரிசையாக எரிந்தன. விருந்தாளிகளுக்கு டீ போட வைத்திருந்த பெரிய வெந்நீர்க் கலம் புஸ்ஸென்று சத்தம் போட ஆரம்பித்தது. காற்று வந்தது. எல்லோர் முகமும் மலர்ந்தது. கடைசி அறை வாசலில் நின்றுகொண்டு, "இது ரிப்பேர் சார்" என்றாள்.

"பரவால்லம்மா, இது போதும்."

டெஸ்டர் பெட்டியைத் திறந்தான். கையை நீட்டினான். நீட்டிய கையை எடுத்துக்கொண்டு திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், ஒரு நிமிஷம். இந்தக் கட்டடத்துல ஒவ்வொரு ஒயரும் எங்க மாமா பூட்டினது. நான் சும்மா பாத்துக்கறவன். அவரே அணைக்கட்டும் சார். மாமா, வாங்க!"

பெரியவர் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நானும்தான்.

ஒயர்மேன் நடந்து போனார். நல்ல பாம்புப் புற்றுக்குப் போகிற நடை இல்லை. தன் வீட்டு வாசலுக்குப் போகிற நடை. சுமை இறங்கியவர் மாதிரி இருந்தார். மச்சானின் தோளைத் தொட்டு, "தள்ளி நில்லு மாப்ளே. இன்னும் தள்ளி" என்றார். உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். தன் கையைக் கொடுக்க அவருக்கு மனசு வந்துவிட்டது. தப்பு என்று ஒரு சொல் சொல்லத்தான் வரவில்லை.

"என்னங்க!" என்று மறுகோடியிலிருந்து அவள் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். ஈரத் தரையில் கால் வழுக்கியது.

என் விரல்கள் சட்டைப்பைக்குள் காகிதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன.

அவர் தலையைச் சாய்த்தார், பழக்கத்தில், காது பெட்டிக்கு அருகே வரும்படி. விசையைத் தள்ளினார்.

அது ஒரே வார்த்தை பேசவில்லை. முனகியது.

அப்புறம் வந்த வெளிச்சத்தில் எல்லோர் நிழலும் சுவரில் கன்னங்கரேலென்று விழுந்தது. அவர் எங்கள் பக்கமாகத் தூக்கியெறியப்பட்டு விழுந்தார். விளக்குகள் துடித்துத் துடித்து எரிந்தன. பெட்டிக்குள் அந்த முனகல் நிற்கவில்லை. பிரேக்கரின் பிளாஸ்டிக் உருகிச் சொட்டியது. ஓடிப்போய் ஊர் லைனை ஒரே தட்டில் அறுத்தவன் டெஸ்டர்தான், அது ஏ.சி., சொன்னபடி கேட்டது. மாடியிலிருந்து வருவதை அறுக்க இன்னும் நாற்பத்தொரு பிரேக்கர்கள் இருந்தன, அத்தனையும் அதே மாதிரி பூட்டியவை. அவன் கை அடுத்ததற்குப் போனது. அக்கா தரையில் உட்கார்ந்தபடியே, புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அலறினாள்.

"தொடாதடா! எதையும் தொடாத! எல்லாம் தலைகீழா இருக்கு!"

அந்த வார்த்தை அப்படித்தான் வெளியே வந்தது.

என் கடையிலிருந்த தார்ப்பாய்களையெல்லாம் கொண்டுவரச் செய்தேன். டெஸ்டர் மொட்டைமாடியில் ஏறிப் பலகைகளை மூடினான். கால்வாசிகூட மூடவில்லை. தீயணைப்புக்காரர்கள் வந்து, கரண்ட் இருக்கும்வரை தண்ணீர் அடிக்க முடியாது என்று குழாயைப் பிடித்தபடி நின்றார்கள். வளாகம் முழுக்க மைதானத்தில் நின்று வானத்தைப் பார்த்தது. மேகமில்லை. கட்டடம் தன் சம்பாத்தியத்தைத் தானே எரித்துக்கொண்டிருந்தது. வெயில் மஞ்சளாகி, சிவப்பாகி, எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கிய பிறகுதான் முனகல் ஓய்ந்தது. சூரியன் மறைய இத்தனை பேர் காத்து நின்றதை நான் பார்த்ததில்லை.

ஒயர்மேன் பிழைத்தார். வலது கையில் இரண்டு விரல்தான் மிச்சம். அந்தப் பக்கத்துக் காது கேட்பதில்லை. விசாரணை நடந்தது. குறிப்புக் காகிதம் தன் கைக்கு வரவில்லை என்று இடது கையால் எழுதிக் கொடுத்தார். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "வந்தது வந்தபடி கொடுத்தேன்" என்றேன். நம்பினார்கள். நல்ல கடை என்று பெயர் எடுத்தவன்.

போன வாரம் அவர் மனைவி கடைக்கு வந்தாள். ஆறு மாதத்தில் முதல் தடவை.

"கொஞ்சம் ஆணி வேணும். சட்டை மாட்டறத இடது பக்கமா மாத்தணும். அவருக்கு எட்டல."

எடைபோட்டேன். வெள்ளைக் காகிதம், புதுசு, ஓர் எழுத்து இல்லாதது, பார்த்து எடுத்து மடித்துக் கொடுத்தேன். அவள் அங்கேயே பொட்டலத்தைப் பிரித்தாள். ஆணியை மேஜையில் கொட்டினாள். காகிதத்தை இந்தப் பக்கம் பார்த்தாள், திருப்பி அந்தப் பக்கம் பார்த்தாள். நாலாக மடித்து என் முன்னால் வைத்தாள்.

ஆணியை மட்டும் வெறுங்கையில் அள்ளிக்கொண்டு படியேறினாள்.